மண் நிறத்து ஜோடி

"பிஷப்பைக் காணோம்" என்றார் பல் டாக்டர் யார்மிலா.

ஹினெக் விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தான். அறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியை ராத்கா பிடித்துக்கொண்டதால், அவன் நோயாளிகள் படுக்கும் நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தான்.

"டாக்டர், ஒலோமோட்ஸ் ஊர்ல பிஷப்பைக் காணோம்னா இந்நேரம் பாதி ஊர் தெருவுல நிக்கணும். இப்பத்தான் ட்ராம்ல வந்தோம். எல்லாரும் நிம்மதியாத் தூங்கிட்டு வந்தாங்க."

"அவர் காணாமப் போயி மூணு வருஷம் ஆச்சு. நீளம் இந்த மேஜை அளவு இருப்பார். வாரத்துக்கு ஒரு எலி சாப்பிடுவார்."

ஹினெக் மெல்லத் தன் எஜமானியின் பக்கம் திரும்பினான். ராத்கா கசகசா வைத்த ரொட்டியைக் கடித்தபடி, "பாம்பு" என்றாள். "சோளப்பாம்பு. டாக்டர் போன்லயே சொன்னாங்க. சொன்னா நீ வரமாட்டேன்னுதான் உன்கிட்ட சொல்லல."

ராத்கா முன்னாள் சுங்க அதிகாரி. எல்லையில் நின்று பதினைந்து வருடம் மற்றவர்களின் பெட்டியைக் கிளறியவள், இப்போது துப்பறிவாளராக அதையே சொந்தமாகச் செய்கிறாள். ஹினெக் முன்பு இன்ஷூரன்ஸ் விற்றவன். உலகத்தில் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, எல்லாவற்றுக்கும் தானே பயப்படப் பழகிவிட்டவன்.

"விஷம் உண்டா?" என்றான்.

"கிடையாது. எங்கிட்ட வர்ற பாதி பேஷண்ட்டுங்க அதைவிட மோசமாக் கடிப்பாங்க." யார்மிலா கைபேசியை நீட்டினார்.

ஹினெக் ஒற்றைக் கண்ணால் பார்த்தான். இரண்டு கண்ணையும் திறக்க வேண்டியிருந்தது. நன்றாகப் பழுத்த ப்ளம் பழத்தின் மேல் லேசாகச் சாம்பல் பூத்தது போன்ற ஊதா நிறம். தலை முதல் வால் வரை. பிஷப்புகள் அணியும் அங்கியின் அதே நிறம்; பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

"சந்தையில குட்டியா வாங்கினேன். அப்போ அழுக்கா இருந்தான். வளர வளர இப்படி ஆனான். இந்த நிறம் வேற யார்கிட்டயும் கிடையாது. அவங்கப்பா அம்மா யாருன்னு வித்தவருக்கே தெரியல." யார்மிலா கைபேசியை மடியில் வைத்துக்கொண்டார். "மூணு வருஷம் முன்னாடி, வசந்தத்துல, ஒரு ஞாயித்துக்கிழமை. எப்பவும் போல நாங்க மூணு பேரும் மேல மாடியில, என் வீட்டுல உட்கார்ந்து, எந்தப் பாம்பை எதோட ஜோடி சேர்க்கலாம்னு பேசினோம். நான், பியானோ சுதி சேர்க்கிற விலெம், பீர்க்கடை லுபோர். மறுநாள் காலைல பெட்டி மூடி லேசாத் திறந்திருந்தது. பிஷப் இல்ல. தப்பிச்சு ஓடிட்டான்னு நெனச்சு வீட்டுத் தரையைப் பெயர்க்காத குறையாத் தேடினேன்."

"இப்போ திருட்டுன்னு ஏன் தோணுது?" என்றாள் ராத்கா.

"விலெம் இந்த வருஷம் என்ன ஜோடி போடுறான்னு லுபோர் சொன்னான். சிரிச்சுட்டே சொன்னான், அவனுக்குப் புரியல. விலெம் ரெண்டு மண்ணு நிறப் பாம்பை ஜோடி போடுறானாம். கூடப் பொறந்ததுங்க. சந்தையில சும்மா குடுத்தாக்கூட யாரும் வாங்காத நிறம்."

"ரசனை இல்லாதது குற்றமா டாக்டர்?" என்றான் ஹினெக். "அப்படின்னா என் சட்டைக்கே என்னை உள்ள போடணும்."

யார்மிலா அவனைப் பார்க்கவில்லை. ராத்காவிடமே பேசினார். "இந்த ஊதா நிறம் பேங்க் லாக்கர் மாதிரி. ஒரு சாவி அப்பா குடுக்கணும், ஒரு சாவி அம்மா குடுக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் நிறம் வெளிய வரும். ஒரு சாவி மட்டும் கெடச்ச குட்டி, பார்க்க மண்ணு நிறமாத்தான் இருக்கும். ஆனா சாவி உள்ளுக்குள்ள பத்திரமா இருக்கும். அப்படிப்பட்ட ரெண்டைச் சேர்த்தா, பொறக்கிற குட்டியில நாலுல ஒண்ணு ஊதாவா வரலாம்."

"சோ, ரெண்டு மண்ணு நிறத்தை ஒருத்தர் மெனக்கெட்டு ஜோடி போடுறார்னா…" என்று இழுத்தாள் ராத்கா.

"ஒண்ணு அவருக்கு மூளை இல்ல. இல்லன்னா உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும். விலெமுக்கு மூளை நிறையவே உண்டு. அந்தச் சாவி என் பிஷப்கிட்ட மட்டும்தான் இருந்தது." யார்மிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சனிக்கிழமை எங்க பாம்பு வளர்க்கிறவங்க சங்கத்துக் கூட்டம். யார் எதை எதோட சேர்க்கிறோம்னு எல்லாரும் எழுந்து சொல்லுவோம். அங்க எல்லார் முன்னாடியும் அவனைத் திருடன்னு சொல்லப் போறேன். அதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும்."

"ஆதாரம் வேற மாதிரி இருந்தா?"

"இருக்காது" என்றார் யார்மிலா. குரல் மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது.

* * *

லுபோரின் பீர்க்கடை நதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரம். ஓரத்தில் பச்சை ஓடு பதித்த பழைய கணப்பு அடுப்பு. அதை ஒட்டி, பெட்டி போல அடைத்துச் செய்த மரப் பெஞ்சு. ஹினெக் அதில் போய் உட்கார்ந்தவன் அப்படியே கண்ணை மூடினான்.

"பாஸ், இந்த பெஞ்சை நான் கட்டிக்கிறேன். என்ன இதமான சூடு. எங்க வீட்டுக் கட்டில்கூட என்னை இவ்வளவு அன்பா ஏத்துக்கிட்டதில்ல."

லுபோர் மூன்று ஆள் பருமன், இரண்டு ஆள் மீசை. பீரையும், வெங்காயம் தூவிய ஊர்ப் பாலாடைக்கட்டியையும் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கட்டியின் வாசனைக்குப் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போனார். ஹினெக் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கைபேசியில் உயிர் இல்லை என்று சார்ஜரை எடுத்தான். சுவரில் ஒரே ஒரு ப்ளக். அதில் ஏற்கெனவே ஒரு வயர்.

"அதைத் தொடாதப்பா" என்றார் லுபோர் சட்டென்று. "பழைய வயரிங். அதை எடுத்தா மொத்தக் கடையும் இருட்டாயிடும்."

ராத்கா பேச்சை மாற்றினாள். தான் புதிதாகப் பாம்பு வளர்க்க நினைப்பதாகவும், யார்மிலா டாக்டர் அனுப்பியதாகவும் சொன்னாள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. லுபோர் மேசை துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களைப் பின்னறைக்கு இழுத்துப் போனார். ஹினெக் வாசற்படியிலேயே நின்றுகொண்டான்.

"உள்ள வாங்க தம்பி."

"இங்கேருந்தே நல்லாத் தெரியுது. தூரத்துல இருந்து பார்த்தாத்தான் ஓவியம் அழகு."

அலமாரி முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். நடுத்தட்டில் இரண்டு செக்கச் செவேலென்ற பாம்புகள், தனித்தனிப் பெட்டியில். உடம்பில் மருந்துக்கும் கறுப்பு இல்லை. கண்கூடச் சிவப்பு. ஆரஞ்சும் ரத்தச் சிவப்புமாக, அடுப்புத் தணல் ஊர்வது போல இருந்தன.

"இது ராணி. முட்டைக்குள்ள இருந்து தலையை நீட்டின நிமிஷத்துலேருந்து என் கையில வளர்ந்தவ. ஒரு நாள்கூட இந்த ரூமை விட்டு வெளிய அனுப்பினதில்ல. அது ராஜா. என்கிட்ட இருக்கிற ஒரே ஆம்பளை. ராணிக்கு இதுவரைக்கும் அவன்தான் ஜோடி, இந்த வருஷமும் அவன்தான்."

"எப்படித் தேர்ந்தெடுக்கிறீங்க?"

"கண்ணுதான். பளபளன்னு இருக்கிறதைப் பளபளன்னு இருக்கிறதோட விடு, அவ்வளவுதான். சங்கத்துல சாவி, பூட்டுன்னு என்னென்னமோ படம் வரைஞ்சு காட்டுவாங்க. நான் அப்போ வெளிய போயி சிகரெட் பிடிப்பேன்."

"குட்டிங்க?"

லுபோரின் மீசை தொங்கியது. கீழ்த்தட்டைக் காட்டினார். இரண்டு வளர்ந்த பாம்புகள். காய்ந்த சேற்றின் நிறம். முதுகுத் திட்டு ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு மை போட்டுக் கோடு இழுத்தாற்போல விளிம்பு. "ராஜாவுக்கும் ராணிக்கும் பொறந்ததுங்க. அப்பன் மூஞ்சியைப் பாருங்க, ஆத்தா மூஞ்சியைப் பாருங்க, இதுங்களைப் பாருங்க. மூணு வருஷமா விக்கப் பார்க்கிறேன். சோறு போட்டதுதான் மிச்சம்."

"விலெமும் மண்ணு நிறத்தைத்தான் ஜோடி போடுறாராமே?"

"கிறுக்கன்" என்று லுபோர் சிரித்தார். பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். "நல்ல மனுஷன்தான். அவனும் யார்மிலாவும் சேர்ந்தேதான் கச்சேரிக்குப் போவாங்க. ரெண்டு பேரும் கல்யாணத்துக்குக் கூப்பிடப் போறாங்கன்னு சங்கமே காத்துட்டிருந்தது. பிஷப் போனதுலேருந்து அவ எங்கயும் போறதில்ல."

* * *

விலெமின் வீட்டுக் கூடத்தில் பியானோ, சாப்பாட்டு மேஜை, பாம்புப் பெட்டிகள் மூன்றும் இடத்துக்காக முட்டி மோதிக்கொண்டிருந்தன. அவர் சமையலறைத் தராசில் ஒரு பாம்பை நிறுத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உருவம். சட்டைப்பையில் சுதி பார்க்கத் தட்டும் உலோகச் சுதிக்கவை.

"எடை பத்தலன்னா ஜோடி சேர்க்கக் கூடாது. முட்டை போடுறது சாதாரண வேலை இல்ல, எலும்பும் தோலுமாப் போயிடும். நல்லாச் சாப்பிடுற பொண்ணா இருக்கணும். பையன் சிடுசிடுன்னு இருக்கக் கூடாது." பெண் பார்க்க வந்த வீட்டார் போல ஹினெக்கை ஏற இறங்கப் பார்த்தார். "கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

ஹினெக் மறுப்பதற்குள் பாம்பு அவன் முழங்கையில் இருந்தது. அது வழவழவென்று இல்லை. உலர்ந்து, மிருதுவாக, கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. நாக்கை நீட்டி அவன் சட்டைப் பொத்தானை விசாரித்தது.

"பாஸ், இது என்னை மோந்து பார்க்குது."

"பாலாடைக்கட்டி தின்னியே, அதைத் தேடுது. அசையாம நில்லு."

மண் நிறம்தான். மற்றொன்றும் அதே. பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் தயாராக இருந்தன. குளிர்கால ஓய்வு முடிந்து இரண்டும் சட்டை உரித்துவிட்டன; இந்த வாரம் சேர்த்துவிட வேண்டியதுதான் என்றார் விலெம்.

"அழகான பாம்பு எத்தனையோ இருக்க, இதுங்களை ஏன்?" என்றாள் ராத்கா.

"பிடிச்சிருக்கு."

"கூடப் பொறந்ததுங்களைச் சேர்க்கிறது நல்லதா?"

"நல்லது இல்ல. வேற வழி இல்ல."

"எதுக்கு வழி?"

விலெம் பியானோவின் முன் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினார். சுதி சரியாகவே இருந்தது. மறுபடி அழுத்தினார்.

"இதுங்களோட அப்பா பிஷப்தானே?" என்றாள் ராத்கா.

விலெம் கட்டையிலிருந்து விரலை எடுத்தார்.

"யார்மிலா அனுப்பினாளா?" என்றார் விலெம்.

"ஆமா."

"நான் எடுத்துட்டேன்னு நெனக்கிறாளா?"

ராத்கா பார்வையைத் தாழ்த்தினாள். அதுவே பதிலாகப் போதும். விலெம் தலையாட்டிக்கொண்டார். "ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். நடந்து வந்தாக்கூட ரெண்டு தெருதான்."

பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு வயதான பாம்பை எடுத்துவந்தார். "இதுங்களோட அம்மா. என் பிறந்தநாளுக்கு யார்மிலாவே குடுத்தது. பிஷப் காணாமப் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. அதுக்கு முந்தின கோடை முடியிற நேரத்துல இவளைப் பிஷப்போட விட்டுப் பார்த்தாளாம். முட்டையே போடலன்னு மலடுன்னு சொல்லி என்கிட்ட குடுத்தா. இங்க வந்து அந்தக் கோடையில முட்டை போட்டா. அப்போ என் வீட்டுல ஆண் பாம்பே கிடையாது. ஆறு முட்டை. ரெண்டுதான் பொரிச்சது."

"அதாவது ஒரு குளிர்காலம் முழுக்க உள்ளேயே சேமிச்சு வெச்சிருந்தாளா?" என்றான் ஹினெக். "என் சம்பளமே மாசக்கடைசி வரைக்கும் தாங்கறதில்ல."

"இந்தப் பாம்புங்களால முடியும்."

"சரி, டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் ராத்கா.

"அவ பிஷப்புக்காக அழுதுட்டிருந்தா. மண்ணு நிறக் குட்டியைக் காட்டி என்ன சொல்றது? ஒரு ஊதாக் குட்டி பொறக்கட்டும், கையில கொண்டுபோயிக் குடுக்கலாம்னு காத்திருந்தேன். வளர மூணு வருஷம் ஆயிடுச்சு. இதுக்குமேல சொன்னா நம்புவீங்களான்னு தெரியல. சொல்லிட்டேன்."

* * *

ட்ராமில் ராத்கா மிருகக்காட்சிசாலைக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கைபேசியில் பேசி முடித்தாள்.

"நடக்கும்கிறார். அபூர்வம் இல்லையாம்."

"அப்போ விலெம் நல்லவர்."

"அவர் சொல்றது நடக்கக்கூடியதுன்னுதான் அர்த்தம். நடந்ததுன்னு இல்ல. அந்த அம்மாப் பாம்பு பிஷப்போட ஒரு தடவை இருந்ததுன்னு டாக்டருக்கே தெரியும். ஆனா கோபத்துல இருக்கிறவங்களுக்கு அது போதாது. பிஷப் எங்கேன்னு காட்டினாத்தான் போதும்."

ஹினெக் ஜன்னலில் தலை சாய்த்தான். சோர்ந்துபோனால் அவனுக்கு வாய் அதிகமாகும். "பிஷப்பை விடுங்க பாஸ். எனக்கு அந்த லுபோரோட குட்டிங்களைப் பார்த்தாத்தான் பாவமா இருக்கு. எங்க தெருவுல ஒரு வீடு. அப்பா செம்பட்டை முடி, அம்மா செம்பட்டை முடி. ரெண்டு பேரும் வெயில்ல நின்னா தீ பிடிச்ச மாதிரி இருக்கும். பையனுக்கு மட்டும் கரிக்கட்டையாட்டம் முடி. அவன் நடந்துபோனா தெருவே மூணாவது வீட்டு அக்கார்டியன் வாத்தியார் தலையைத் திரும்பிப் பார்க்கும்."

ராத்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாஸ்? தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?"

"இன்னொரு தடவை சொல்லு."

"அக்கார்டியன் வாத்தியாரையா?"

"ஹினெக், அடுத்த ஸ்டாப்புல இறங்கறோம். திரும்பிப் போறோம்."

"எங்க?"

"உன் பெஞ்சுக்கு."

* * *

பீர்க்கடையில் மாலைக் கூட்டம் இன்னும் சேரவில்லை. ஹினெக் பழைய இடத்திலேயே உட்கார்ந்தான். லுபோர் இரண்டு பீரை நுரை தளும்ப வைத்தார்.

"பாம்பு வாங்க முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்" என்றாள் ராத்கா. "அந்தக் கீழ்த்தட்டு மண்ணு நிறம் ரெண்டும் வேணும். ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்து வைங்க. அதுங்க அப்பா யாரு?"

"ராஜாதான். காட்டினேனே."

"ராஜா உடம்புல கறுப்பே இல்ல. ராணி உடம்புலயும் இல்ல. கறுப்பு இல்லாத நிறத்துக்கும் அதே லாக்கர் கணக்குதான். அப்பாகிட்டயும் கறுப்பு இல்ல, அம்மாகிட்டயும் கறுப்பு இல்லன்னா, குட்டிக்கு மட்டும் கறுப்பு எந்தக் கடையில கெடைக்கும்? அதுங்க முதுகுல மை போட்ட மாதிரி கோடு ஓடுது."

லுபோர் மேஜையைத் துடைக்கத் தொடங்கினார். மேஜை ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"ஒருவேளை ராணி வேற எங்கயாச்சும்… பழசைச் சேமிச்சு வெச்சுக்கும்பாங்களே."

"சேமிக்கும். ஆனா ராணி முட்டையில இருந்து உங்க கையில வளர்ந்தவ. ஒரு நாள்கூட இந்த ரூமை விட்டு வெளிய போனதில்ல. நீங்கதான் சொன்னீங்க. அப்போ மாப்பிள்ளைதான் ரூமுக்குள்ள வந்திருக்கணும். உங்ககிட்ட இருக்கிற ஒரே ஆம்பளை ராஜான்னும் நீங்கதான் சொன்னீங்க."

"புத்தகத்துல எழுதினதெல்லாம் அப்படியே நடக்காதும்மா."

"சரி, புத்தகத்தை விடுங்க. அடுப்பைப் பார்ப்போம்." ராத்கா எழுந்து போய்க் கணப்பு அடுப்பின் பச்சை ஓட்டில் உள்ளங்கையை வைத்தாள். "ஜில்லுன்னு இருக்கு. மத்தியானம் எரிஞ்சிருந்தா ஓட்டுல இன்னும் சூடு இருக்கும். ஹினெக், பெஞ்சு எப்படி இருக்கு?"

"இதமா…" ஹினெக்கின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் கண் தானாகச் சுவரிலிருந்த ப்ளக்குக்குப் போனது. அங்கிருந்து வயர் வழியே இறங்கி, தரையோரமாக ஊர்ந்து, தன் கால்களுக்கு நடுவே பெஞ்சின் ஓட்டைக்குள் நுழைவதைப் பார்த்தது.

"பெஞ்சுக்கு எதுக்கு கரண்ட்டு?" என்றாள் ராத்கா. "வயரைப் பிடுங்கு. கடை இருட்டாகுதான்னு பார்ப்போம்."

ஹினெக் பிடுங்கினான். கடையின் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

"இப்போ மெதுவா எழுந்திரு."

"பாஸ், நான் மத்தியானம்… அப்பவும் இப்பவும்… இதுமேலயா?"

"மெதுவா."

அவன் எழுந்த வேகத்தில் பீர் கவிழ்ந்தது. ராத்கா பெஞ்சின் பலகையைத் தூக்கினாள். உள்ளே மரச்சீவல் பரப்பிய கண்ணாடிப் பெட்டி. அடியில் சூடு தரும் தட்டு. தண்ணீர்க் கிண்ணம். ஒரு ஓரத்தில், சாவதானமாகச் சுருண்டு, ஊதா அங்கியில் சாம்பல் பூத்த பிஷப். வெளிச்சம் பட்டதும் தலையைத் தூக்கி, ஹினெக் இருந்த திசையில் நாக்கை நீட்டினார்.

லுபோர் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அன்னைக்கு மறந்துட்டுப் போன தொப்பியை எடுக்கத் திரும்பிப் போனேன். அவ கீழ, பல் வலின்னு அவசரமா வந்த ஒருத்தரைப் பார்த்துட்டிருந்தா. பெட்டியைத் திறந்தேன். ஒரு தடவை கையில வெச்சுப் பார்க்கலாம்னுதான்." மீசையைத் துடைத்துக்கொண்டார். "இருபது வருஷமாச் சங்கத்துல இருக்கேன். என் பாம்பைப் பார்த்து ஒருத்தரும் வாயைப் பிளந்ததில்ல. ஊதாவையும் சிவப்பையும் சேர்த்தா ஊரே அசர்ற மாதிரி ஏதாவது வரும்னு நெனச்சேன். வந்தது சேறு."

"திருப்பிக் குடுத்திருக்கலாமே" என்றான் ஹினெக்.

"எப்படித் தம்பி குடுக்கறது? ஒவ்வொரு நாளும் நேத்தைவிடக் கஷ்டமாச்சு. ஊர்லயே அழகான பாம்பு என்கிட்ட இருக்கு, ஒருத்தருக்கும் காட்ட முடியாது. கடையை மூடிட்டு நான் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்து பார்ப்பேன்."

ராத்கா பலகையை மெல்ல மூடினாள். "அந்தச் சேறு நிறப் பாம்பு ரெண்டு இருக்கே லுபோர். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சாவி இருக்கு. சங்கமே வாயைப் பிளக்கிற பொருளை மூணு வருஷமா நீங்க தள்ளிவிடப் பார்த்திருக்கீங்க."

லுபோருக்கு அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தை மேசைத் துணிக்குள் புதைத்துக்கொண்டார்.

அரைமணி நேரத்தில் யார்மிலா வந்தார். டாக்டர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பிஷப்பைக் கையில் எடுத்து, கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். லுபோர் சொன்னதை எல்லாம் கேட்டார். கடைசியில் அவரிடம் ஒன்றுதான் சொன்னார். "போலீசுக்குப் போக மாட்டேன். சனிக்கிழமை கூட்டத்துல நீயே எழுந்து சொல்லணும். அந்தக் குட்டிங்க ரெண்டும் என் வீட்டுக்கு வரணும்."

வாசலில் ராத்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "விலெமுக்குத் தெரியுமா? நான் அவனைச் சந்தேகப்பட்டது?"

"தெரியும்."

"என்ன சொன்னான்?"

"ரெண்டு தெருதான், நடந்து வந்து கேட்டிருக்கலாமேன்னார்."

யார்மிலா தலையைக் குனிந்துகொண்டு ட்ராம் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். பிஷப் கோட்டுப் பையிலிருந்து தலையை நீட்டி ஊரைப் பார்த்துக்கொண்டு போனார்.

* * *

சனிக்கிழமை சங்கம் கூடியது. ராத்காவும் ஹினெக்கும் கடைசி வரிசையில் இருந்தார்கள். ஹினெக் உட்காருவதற்கு முன் நாற்காலியைத் தட்டி, குனிந்து, அடியில் பார்த்தான்.

லுபோர் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். லுபோர் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, யார்மிலா, "உட்காரு" என்றார். "அந்தச் சாவி விஷயத்தை இன்னைக்காவது கேட்டுட்டுப் போ."

அதன்பின் ஜோடி சொல்லும் முறை வந்தது. ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். விலெமின் பெயர் வந்ததும் அவர் தன் கருவிப் பையோடு எழுந்தார். உள்ளே சுதிக்கவைகளுக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை மெல்ல நெளிந்தது.

"என்கிட்ட ஒரு பையன் இருக்கான். மண்ணு நிறம். பிஷப்போட புள்ளை" என்றார். "கூடப் பொறந்தவளோட சேர்க்கலாம்னு இருந்தேன். அது சரியில்ல. வேற ஆத்தா வயித்துல பிஷப்புக்குப் பொறந்த பொண்ணு ஒருத்தி இருந்தா, அது இன்னும் நல்ல ஜோடி." கூடத்தின் மறுபக்கம் பார்த்தார். "லுபோர் வீட்டுல இருந்த குட்டிங்க இப்போ யார்மிலா வீட்டுல இருக்கிறதாக் கேள்விப்பட்டேன்."

"ஒண்ணு பொண்ணுதான்" என்றார் யார்மிலா. "எடை பார்த்துட்டேன். நல்லாச் சாப்பிடுறா."

"அப்போ இவனை அங்க விடலாம்னு நெனக்கிறேன்."

யார்மிலா எழுந்து வந்தார். இருபது பேர் பார்த்துக்கொண்டிருப்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள்.

"விலெம், நான் உன்னைப் போயி…"

"தெரியும்."

"கோபமா?"

"கோபம்தான்."

"அப்புறம் ஏன் இவனை என்கிட்ட குடுக்கிறே?"

"இவனுக்குக் கோபம் இல்லையே." விலெம் துணிப்பையை நீட்டினார். "ஆனா ஜோடி சேருதா, சாப்பிடுதான்னு நான்தான் பார்க்கணும். தினமும் சாயங்காலம் வருவேன்."

"கோபத்தோடயா?"

"கோபத்தோடதான்."

யார்மிலா பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அப்படின்னா அது தீர ரொம்ப நாள் ஆகட்டும்" என்றார்.